மூன்று பருவக் கையிருப்பு

கொள்ளைநோய் வந்த வருடத்தில், நான்கே ஊர்களை வைத்துக்கொண்டு, ஒரு ஊரைக்கூட இழக்காமல் நின்றாள். பதினான்கு பருவம் நீடித்த முற்றுகையை ஓர் அம்புகூட எய்யாமல், கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அளந்து சோறு போட்டே முடித்து வைத்தாள். பேராசிரியர் என்ற பெயரில் ஆடியவர் ஒன்பது ஊர்ப் படையோடு வந்தபோது, அந்தப் படைக்குச் சாப்பாடு வந்துகொண்டிருந்த ஆற்றுத்துறையை மட்டும் பிடித்துக்கொண்டு பதினோரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். படை தானாகவே கலைந்து போயிற்று. பதினொரு பேர் தொடங்கிய ஆட்டத்தில் எட்டுப் பேர் விழுந்த பிறகும் அவள் இருந்தாள். அதுவும் யாரோடும் ஒரு சமாதான ஒப்பந்தம்கூடப் போடாமல்.

இவையெல்லாம் விளையாட்டில் ஜெயித்தவை. வெளியே ஜெயித்தவையும் உண்டு. பத்தாம் வகுப்பை இரண்டாவது தடவையில் தாண்டினாள். நூற்று நாற்பது பேர் எழுதிய தேர்வில், பட்டம் வாங்கியவர்களையும் பின்னால் தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் ஸ்டோர் கீப்பர் வேலையைப் பிடித்தாள். பதினாறு வருடத்தில் எந்த வார்டுக்கும் ஒரு வேளைகூட "இல்லை" என்று சொல்லி அனுப்பியதில்லை.

சமையல்கூடத்தில் எல்லோருக்கும் அவள் "ஸ்டோரு". அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அம்மாவை ஒன்பது வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சு ஒவ்வொன்றாக வந்த வழியே போய்விட்டது. அம்மாவும் போன பிறகு, ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி மாடியில் ஓர் அறை எடுத்தாள். பத்துக்கு ஒன்பது. ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் வாங்கி வைத்திருந்தாள். ஒன்று தேய்ந்திருந்தது, மற்றதில் கடையில் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது.

ஆறு வயது மூத்த அண்ணன் தையல்காரர். வேறு ஊரில் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் போன் பண்ணுவார். மற்ற ஆறு நாளும் அந்த அறைக்கு யாரும் போன் பண்ணுவதில்லை.

விளையாட்டு கைபேசியில்தான். பழங்காலத்து ராஜ்யங்களை ஆளும் ஆட்டம். ஆளுக்குச் சில ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு எண்கள்: ஒன்று தானியம், மற்றது விசுவாசம். தானியம் குறைந்தால் விசுவாசம் இறங்கும். முப்பதுக்குக் கீழே போனால் அந்த ஊரின் தலைவன் கதவைத் திறந்துகொண்டு, களஞ்சியம் நிறைந்த பக்கத்து ராஜாவிடம் போய்விடுவான். ஒரு நாளைக்கு ஒரு பருவம். நாலு நாளுக்கு ஒரு வருடம். எல்லோரும் தங்கள் உத்தரவைப் பகல் இரண்டு மணிக்குள் போட்டுவிட வேண்டும். அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை ஒன்று முதல் இரண்டு வரை. ஸ்டோரில் கம்பிவலை ஜன்னலுக்கு அருகே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஒரு பால்பவுடர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ராஜ்யம் நடத்துவாள்.

முதல் ஆட்டத்தில் அறுபத்தொரு நாளில் தோற்றாள். அந்தத் தவறை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். சமையல்கூடத்தில் ஒரு விதி உண்டு: முதலில் நோயாளி, கடைசியில் ஊழியர். அதையே ராஜ்யத்திலும் செய்தாள். நலிந்த எல்லைக் கிராமங்களுக்கு முதல் மூட்டை, தலைநகரத்துக் காவலர்களுக்குக் கடைசி மூட்டை. கிராமங்களெல்லாம் தொண்ணூறு விசுவாசத்தோடு அவளை வாழ்த்திக்கொண்டிருக்க, தலைநகரத்துக் காவலர்கள் இருபத்தெட்டில் நின்று கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

"வாசல் காவலனைப் பட்டினி போட்டுட்டு வயல்காரனுக்கு விருந்து வெச்ச ராஜாவை இப்பத்தான் பாக்கறேன்" என்று பேராசிரியர் எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் எழுதினார். முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

அவள் அதை நான்கு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் போய், வார்டுகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர்களுக்குப் பத்தரைக்கே சாப்பாடு கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். அதுவரை அவர்கள் மூன்று மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஆறாவது மாடிக்குக்கூடச் சாப்பாடு சூடாகப் போய்ச் சேர்ந்தது. இந்த யோசனை எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

இரண்டாவது ஆட்டம் 2017 ஜூலை முதல் தேதி தொடங்கியது. இந்தத் தடவை அவள் வேறொரு சமையல்கூட விதியைக் கொண்டுபோனாள். ஸ்டோரில் எப்போதும் மூன்று நாள் கையிருப்பு இருக்க வேண்டும். வானமே இடிந்தாலும் அதைத் தொடக் கூடாது. ராஜ்யத்தில் அது மூன்று பருவக் கையிருப்பு ஆனது. மற்றவர்கள் தானியத்தைக் குதிரையாகவும் வாளாகவும் மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் மூட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள். கெஞ்சினாலும் மிரட்டினாலும் களஞ்சியம் திறக்காது. அதனால் அவளுக்குப் "பூட்டு" என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் பூட்டு யார் என்று ஆராய்ச்சி கிளம்பியது. ராணுவத்தில் உணவுப் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்ற பெரிய அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ எழுத, அதுவே நிலைத்துவிட்டது. எல்லோரும் "சார்" போட ஆரம்பித்தார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் மருத்துவர் இருந்தார், வக்கீல் இருந்தார், இரண்டு பேர் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர்கள் "பூட்டு சார் என்ன சொல்றார்?" என்று அவளுடைய ஒரு வரிக்காகக் காத்திருப்பார்கள். அவளுடைய ஒரு வார்த்தைக்காக உலகத்தில் வேறெங்கும் யாரும் காத்திருக்கவில்லை.

அவள் சமாதான ஒப்பந்தம் போடாததற்கும் இதுதான் காரணம். சண்டை போடப் பட்டப்பெயர் போதும். சமாதானத்துக்குச் சொந்தப் பெயர் வேண்டும். இது விளையாட்டில் இல்லாத விதி. பட்டப்பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாக்குத் தவறியவர்கள் அதிகமானபோது இந்தக் கூட்டமே போட்டுக்கொண்டது. ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் தங்கள் முழுப்பெயரையும், பார்க்கிற தொழிலையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருவரும் எழுதிய பிறகுதான் நடுவர் அதை எல்லோர் பார்வைக்கும் திறப்பார்.

போன வருடம் சேனாதிபதி என்பவர் அப்படிக் கையெழுத்திட்டார். வாளைத் தவிர வேறு பேச்சே பேசாதவர். திறந்து பார்த்தால் தொழில் என்ற இடத்தில் "கோழிக்கடை ஊழியர்" என்று இருந்தது. பத்து நாள் ஓட்டித் தள்ளினார்கள்.

"சேனாதிபதி, அரைக் கிலோ. தோலை உரிச்சுக் குடுங்க."

"படையெடுப்பு நாளைக்கா? நாளைக்குக் கடைக்கு லீவாச்சே சேனாதிபதி?"

பதினோராம் நாள் அவர் ஆட்டத்தை விட்டுப் போனார். அவருடைய ஆறு ஊர்களும் சிதறின. அதில் இரண்டு அவளிடம்தான் வந்தன. அந்த ஊர்களுக்குத் தானியம் அனுப்பும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தும்.

கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். பேராசிரியரிடம் பத்து ஊர். அவளிடம் ஒன்பது. குதிரைக்காரர் என்பவரிடம் ஐந்து. மொத்தம் இருபத்து நான்கில் பதினான்கு ஊரைப் பிடிப்பவர் சக்கரவர்த்தி. ஆட்டம் அத்தோடு முடியும். வென்றவரின் பட்டப்பெயர் கல்வெட்டு என்ற பக்கத்தில் ஏறும்.

குதிரைக்காரர் அவளுக்கு எதிரியும் இல்லை, கூட்டாளியும் இல்லை. எல்லையை ஒட்டிய புல்வெளி நாட்டுக்காரர். ஆட்டத்தில் பக்கத்து ராஜாக்கள் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொள்ள ஒரு பக்கம் உண்டு. முதலில் எல்லைத் தகராறுக்காக எழுதினார். பிறகு தகராறு இல்லாமலும் எழுதினார். தினமும் ஒன்று பத்துக்கு அவருடைய கடிதம் வந்துவிடும்.

"பூட்டு சார், சாப்பாடு ஆச்சா?"

"ஆச்சு."

"என்ன ஸ்பெஷல்?"

"வழக்கமானதுதான்."

"உங்க வழக்கம் எனக்கு எப்படி சார் தெரியும்? உங்க களஞ்சியத்தைத்தான் திறக்க மாட்டீங்க, சாப்பாட்டு டப்பாவையுமா?"

அவள் சிரித்துக்கொண்டே டப்பாவை மூடுவாள். அவர் எந்த ஊர், என்ன வயது, ஆணா பெண்ணா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. ஆண் என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஒரு நாள் ஒன்று பத்துக்குக் கடிதம் வரவில்லை. அன்று ஒன்று முப்பத்தைந்துக்கு வருகிற வரையில் அவள் சாப்பிடவில்லை.

2019 பிப்ரவரி ஆறாம் தேதி, புதன்கிழமை, ராஜ்யங்களில் மழை நின்றது. ஒன்பதாம் தேதி குதிரைக்காரரின் களஞ்சியம் காலியானது. வயல் குறைந்த நாடு அவருடையது. குதிரையைக் கொடுத்துப் பேராசிரியரிடம் தானியம் வாங்கிக்கொண்டிருந்தார். பஞ்சம் வந்ததும் பேராசிரியர் அந்த வியாபாரத்தை நிறுத்திவிட்டார். குதிரைக்காரரின் ஐந்து ஊர்களும் அறுபத்திரண்டு விசுவாசத்தில் நின்றன. பட்டினிப் பருவம் ஒவ்வொன்றுக்கும் பதினைந்து இறங்கும். ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்குத் தானியம் அனுப்ப வேண்டுமானால் இடையில் சமாதான ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

"சார், ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாமா?" என்று குதிரைக்காரர் அன்றைக்குக் கேட்டார்.

"என்னால முடியாது."

"பேருதானே கேக்கறேன். உங்க சொத்தையா எழுதிக் கேக்கறேன்?"

"முடியாது" என்று மறுபடியும் எழுதினாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு அண்ணன் போன் பண்ணினார்.

"என்ன பண்றே சின்னவளே?"

"சும்மாதான் இருக்கேண்ணே."

"சும்மான்னா?"

"ஒரு ராஜ்யம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அதுக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாதா? என் கடை பரவாயில்லை போலிருக்கே."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அண்ணனுக்கு விளையாட்டு புரியாது. ஆனால் அளவு கேட்காமல் துணியை வெட்டுகிற ஆள் இல்லை அவர். எத்தனை ஊர், ஊருக்கு எத்தனை மூட்டை, பஞ்சம் எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஆளு யாரு?"

"தெரியாது."

"வயசு?"

"தெரியாது."

"பேராவது?"

"கையெழுத்துப் போட்டாத்தான் தெரியும்."

"அப்ப நீ போட்டுட வேண்டியதுதானே?"

"போட்டா என் வேலையும் தெரிஞ்சுடுமே."

அண்ணனுக்குப் பின்னால் யாருடைய தையல் இயந்திரமோ ஓடிக்கொண்டிருந்தது. "உன் வேலைக்கு என்ன குறை? அந்தப் பரீட்சைக்கு உனக்கு ரெண்டு பென்சில் சீவிக் குடுத்தவன் நான். நூத்து நாப்பது பேர். இன்னிக்கும் கடைக்கு வர்றவங்ககிட்டச் சொல்லிட்டு இருக்கேன்."

"குறை ஒண்ணும் இல்லண்ணே. அவங்களுக்குத் தெரியாத வரைக்கும்."

"சரி, அந்தாளுக்குச் சோறு போடலைன்னா என்ன ஆகும்?"

"நான் ஜெயிச்சுடுவேன்."

"நல்லதுதானே?"

"ஆமா" என்றாள். போனை வைத்த பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நிறுத்துவதற்கு யாரும் வரவில்லை.

ஜெயிப்பது உண்மைதான். குதிரைக்காரரின் ஐந்து ஊருக்கும் பக்கத்தில் இருக்கிற, களஞ்சியம் நிறைந்த ராஜ்யம் அவளுடையது ஒன்றே. விசுவாசம் அன்று நாற்பத்தேழு. திங்கள் முப்பத்திரண்டு. செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குப் பதினேழு. அதோடு ஐந்து ஊரும் கதவைத் திறந்துகொண்டு அவளிடம் வந்துவிடும். ஒன்பதும் ஐந்தும் பதினான்கு. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் கடைசி ஊரையும் இழந்த ராஜா ஆட்டத்தில் இல்லை. அவருடைய கடிதப் பக்கம் அந்த நிமிடமே மூடிக்கொள்ளும்.

திங்கட்கிழமை ஒன்று பத்துக்குக் கடிதம் வந்தது. அதில் ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சார், நாளைக்கு என் அஞ்சு ஊரும் உங்க வாசல்ல வந்து நிக்கும். சேத்துக்கங்க. வடக்கு ஊர்த் தலைவன் கொஞ்சம் கோவக்காரன், ஆனா நல்லவன். அவனுக்கு முதல்ல தானியம் போட்டுட்டீங்கன்னா மத்தவன் எல்லாம் தானா அடங்கிடுவான். கிழக்கு ஊர்ல கிணறு பாதி தோண்டி வெச்சிருக்கேன், அதை முடிச்சுடுங்க. நல்ல ஆட்டம் சார். பேச்சுத் துணையா இருந்தீங்க."

அவள் பதில் எழுதினாள், அழித்தாள். மறுபடியும் எழுதினாள், அதையும் அழித்தாள். இரண்டு மணி அடித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஒன்று பத்துக்குக் கடிதம் வரவில்லை. ஒன்று இருபதுக்கும் வரவில்லை. எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் பேராசிரியர்தான் எழுதியிருந்தார். "பூட்டு சார், ரெண்டு மணிக்கு நீங்க சக்கரவர்த்தி. நான் ஒத்துக்கறேன், சபாஷ். கல்வெட்டுல பேருக்கு முன்னாடி என்ன போடறது, மேஜரா, கர்னலா?"

கீழே ஆளாளுக்கு வாழ்த்து. யாரும் குதிரைக்காரரைப் பற்றி எழுதவில்லை.

வார்டிலிருந்து வந்த சாப்பாட்டுச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தாள். கையில் இருப்பது ஆயிரத்து இருநூற்று நாற்பது மூட்டை. ஊருக்கு நாற்பது வீதம் அவளுடைய ஒன்பது ஊருக்கு ஒரு பருவத்துக்கு முந்நூற்று அறுபது. மூன்று பருவத்துக்கு ஆயிரத்து எண்பது. அவருடைய ஐந்து ஊரையும் சேர்த்தால் பருவத்துக்கு ஐந்நூற்று அறுபது ஆகும். இரண்டு பருவம் தாங்கும். மூன்றாவதற்கு நூற்று இருபதுதான் மிஞ்சும். மழை அதற்குள் வராவிட்டால் இரண்டு ராஜ்யமும் சேர்ந்து பட்டினி. ஒப்பந்தம் போட்டால் பத்து வருடத்துக்கு, அதாவது நாற்பது நாளுக்கு, அவருடைய ஊரை அவள் தொட முடியாது. பேராசிரியருக்குக் குஷி. கணக்கை இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தாள். அதே விடைதான் வந்தது. பதினாறு வருடத்தில் அவள் கையால் மூன்று நாள் கையிருப்புக்குக் கீழே போன கணக்கு அது ஒன்றுதான்.

பெரிய சமையல்காரர் உப்புக்காக உள்ளே வந்தார்.

"என்ன ஸ்டோரு, டப்பாவைத் திறக்கவே இல்லையா?"

"பசிக்கலை மாஸ்டர்."

"இத்தனை மூட்டைக்கு நடுவுல உக்காந்துக்கிட்டுப் பசிக்கலைன்னு சொல்ற ஆளு நீங்க ஒருத்தர்தான். உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப மனசா?"

அவள் இரண்டு பாக்கெட் உப்பை எடுத்துக் கொடுத்து, புத்தகத்தில் பதிந்து, பக்கத்தில் வழக்கம்போலத் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் போட்டாள். அவர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி ஒன்று நாற்பத்து நான்கு. அவள் நடுவருக்கு எழுதினாள்: "குதிரைக்காரரோடு சமாதான ஒப்பந்தம். சனிக்கிழமை அவர் கேட்டது இன்னும் இருக்கா?"

நடுவர் உடனே பதில் போட்டார். "இருக்கு சார். அவர் பேரையும் தொழிலையும் அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டார், நான் திறக்கலை. ஆனா ஒரு நிமிஷம். பதினாலு ஊர் கைக்கு வர்ற நேரத்துல இதென்ன? தெரிஞ்சுதான் செய்யறீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"கல்வெட்டு போயிடும் சார்."

"போகட்டும்."

படிவம் வந்தது. அனுப்ப வேண்டிய தானியம்: பருவத்துக்கு இருநூறு மூட்டை. கிழக்கு ஊர்க் கிணறு முடியும் வரை அங்கே பத்து மூட்டை கூடுதல் என்று தானாகவே ஒரு வரி சேர்த்தாள். வடக்கு ஊருக்கு முதலில் அனுப்பவும் என்று இன்னொரு வரி. பிறகு தொழில் என்ற கட்டம். விரல் அங்கேயே நின்றது. எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் வாழ்த்துகள் ஏறிக்கொண்டே இருந்தன. கர்னல் என்று மூன்று பேர், மேஜர் என்று ஒருவர். இன்னும் பத்து நிமிடத்தில் இதே ஆட்கள் அரைக் கிலோ வெங்காயம் கேட்பார்கள், உப்பு இருக்கா ஸ்டோரு என்பார்கள். கேட்கிறவர்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. குதிரைக்காரர் என்ன சொல்வார் என்று யோசித்தாள். அதுவும் தெரியவில்லை. இத்தனை நாள் சார், சார் என்று கூப்பிட்டவர், ஏமாற்றிவிட்டாய் என்று சொல்லி அவரே கடிதத்தை நிறுத்தினாலும் நிறுத்தலாம். நிறுத்தினாலும் அவருடைய ஐந்து ஊரும் இன்றைக்குச் சாப்பிடும்.

"ஸ்டோர் கீப்பர், ஆஸ்பத்திரிச் சமையல்கூடம்" என்று எழுதினாள். சுருக்கவில்லை.

கையெழுத்துக்கான கட்டத்தில் விரலால்தான் எழுத வேண்டும். புடவைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டாள். முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்தாமல், அப்பாவின் முதலெழுத்தையும் முன்னால் போட்டு, கடைசிப் புள்ளி வரை நிதானமாக, பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல எழுதி முடித்தாள். பூட்டு என்று பேரெடுத்தவள் அந்தக் கூட்டத்தின் நடுவே தன் சொந்தப் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள் 2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை.